மார்லிஸின் எச்சில் சொன்ன சேதி

மார்லிஸ் ஹாகன் மைனாட் நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். எவ்வளவு பனி கொட்டினாலும் பிள்ளைகளை ஒரு கீறல் இல்லாமல் வீடு சேர்த்துவிடுவாள் என்று ஊரில் பெயர். ஐம்பதை நெருங்கும்போது அவள் உடம்பு அவளுக்கே அந்நியமாகிப் போனது. முகம் உருண்டு சிவந்தது. வயிறு முன்தள்ளியது; கைகால்களோ குச்சியாக மெலிந்தன. மேசை முனை லேசாக இடித்தாலே தோல் கன்றி நீலம் பாரித்தது. ஒரு நாள் பேருந்தின் படியில் காலை வைத்தவளால் உடம்பைத் தூக்கி ஏற முடியவில்லை. கம்பியை இரு கைகளாலும் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினாள். பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், "வாயைக் கட்டுங்க" என்றார். கட்டினாள். தேவாலய விருந்துகளில் வெறும் காபியோடு எழுந்தாள். எடை ஏறிக்கொண்டே போனது. தங்கை கார்லாகூட நம்பவில்லை.

"அக்கா, என்கிட்ட மட்டும் உண்மையச் சொல்லு. யாருக்கும் தெரியாம ஃப்ரிட்ஜத் தொறக்கிறியா?"

மார்லிஸ் போனை வைத்துவிட்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் அந்த டாக்டர் ஓய்வுபெற, லிண்ட்குவிஸ்ட் என்ற பெண் டாக்டர் வந்தார். அவர் மார்லிஸின் வயிற்றில் ஓடிய ஊதா வரிகளை உற்றுப் பார்த்தார்.

"கையை ஊனாம நாற்காலியிலேர்ந்து எந்திரிங்க, பாப்போம்."

முடியவில்லை.

"உங்க எச்சில் கொஞ்சம் வேணும்."

"எச்சிலா?"

"ஆமா. மனசோ உடம்போ நெருக்கடியில இருந்தா கார்டிசால்னு ஒரு ஹார்மோன் கூடும். சாதாரணமா அது காலையில உச்சத்துல இருக்கும், தூங்கப் போறப்ப அடங்கிடும். உங்களுக்கு அடங்குதான்னு பாக்கணும்."

படுக்கப்போகும் நேரத்தில் மார்லிஸ் டாக்டர் கொடுத்த பஞ்சுச் சுருளை வாயில் போட்டு மென்றாள். கணவன் ஆர்லன் கேலி செய்யாமல் விடவில்லை.

"மான் அசை போடுற மாதிரியே இருக்கு. துப்பாக்கிய எடுத்துட்டு வரட்டுமா?"

வாய் திறக்க முடியாதவள் தலையணையை வீசினாள். நனைந்த பஞ்சைச் சோதனைக் குழாயில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்தாள். மறுநாளும் அப்படியே.

சில நாட்களில் டாக்டர் அழைத்தார். "ரெண்டு தடவையும் அளவு எக்கச்சக்கம். உங்க உடம்பு அடங்கவே இல்ல மார்லிஸ். இது நீங்க சாப்பிட்டு வந்ததில்ல."

அவள் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். தான் சொன்னதை யாருமே நம்பாதபோது, துப்பி எறியும் எச்சில் அவளுக்காகச் சாட்சி சொல்லியிருந்தது.

மேலும் சோதனைகள் நடந்தன. ஸ்கேன் படத்தில் மூளைக்கு அடியில், அந்த ஹார்மோனைத் தூண்டிவிடும் சுரப்பியில், பருப்பைவிடச் சின்னதாக ஒரு கட்டி தெரிந்தது. மார்லிஸ் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இத்தனூண்டா? இதுவா என்னை இந்தப் பாடு படுத்துச்சு?"

மினியாபொலிஸ் மருத்துவமனையில் மூக்கு வழியாகவே அதை எடுத்தார்கள். அதன்பின் எலும்பெல்லாம் வலித்தது. தலையைத் தூக்க முடியாமல் குமட்டியது. அறுவை மருத்துவரோ முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "ஹார்மோன் அடியோட விழுந்துடுச்சு!"

ஆர்லன் எகிறினான். "அவ துடிச்சிக்கிட்டு கெடக்கா, நீங்க சிரிக்கிறீங்க?"

"கோவிச்சுக்காதீங்க. இத்தன காலம் கட்டி போட்ட ஆட்டத்துல சுரப்பியோட நல்ல செல்லெல்லாம் தூங்கிடுச்சு. இப்ப கட்டி இல்ல, அதுங்க இன்னும் முழிக்கல. இந்த அவஸ்தை, கட்டி போயிடுச்சுங்கிறதுக்கு நல்ல அறிகுறி. அதுங்க முழிக்கிற வரைக்கும் அந்த ஹார்மோனை மாத்திரையா தருவோம்."

அவை மெல்லத்தான் விழித்தன. மாத்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கார்லா பார்க்க வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"அக்கா, அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"விடுடி. தூக்கத்துல எந்திரிச்சுத் திங்கிறேனோன்னு நானே என்னை சந்தேகப்பட்டேன்."

அடுத்த வசந்தத்தில் ஒரு காலை, ஆர்லன் ரொட்டியைக் கடிக்காமல் அவளையே பார்த்தான்.

"என்ன?"

"உன் தாடை. கல்யாணத்தன்னைக்குப் பாத்த அதே தாடை."

அவள் கண்ணாடி முன் போய் நின்றாள். உருண்டையான முகத்துக்குள் இத்தனை காலம் புதைந்து கிடந்த எலும்பு, விரலுக்குத் தட்டுப்பட்டது. காதிலிருந்து மோவாய் வரை அதைத் தடவிக்கொண்டே நின்றாள். ஆர்லன் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை.