மானிட்டர் இல்லாத கம்ப்யூட்டர்

எனக்குக் கண் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடுவில் தெரியவந்தால் ஆட்கள் சட்டென்று குரலைத் தாழ்த்தி, ரொம்ப மெதுவாகப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். காது நன்றாகவே கேட்கிறது என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

இரும்புலியூரில் ஒரு வீட்டின் மாடியில் தனியாக இருக்கிறேன். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்யும் குறிப்புகளைக் கேட்டு டைப் அடித்துக் கொடுப்பது என் வேலை. வீட்டிலிருந்தே செய்கிறேன். அதற்காகப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய டெஸ்க்டாப் வாங்கி, என் கையாலேயே லினக்ஸ் போட்டுக்கொண்டேன். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் அதில் இலவசமாகக் கிடைக்கிறது. ஜலதோஷம் பிடித்த ஆள் மாதிரி மூக்கால் பேசும், ஆனால் விடாமல் பேசும். கூட வந்த மானிட்டரைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். மானிட்டர் இல்லாமல் என்ன செய்வீங்க என்று கேட்டார். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று கேட்டேன்.

அம்மா போன பிறகு, கூடுவாஞ்சேரிக்கே வந்துவிடு என்று அண்ணன் பிடிவாதம் பிடித்தான். வேலை இருக்கும்வரை இங்கேதான் இருப்பேன் என்றேன். வேலை போனால்? போனால் வருகிறேன் என்று நானும் ஒத்துக்கொண்டேன். அண்ணனும் அண்ணியும் தங்கமானவர்கள், என் பயமே அதுதான். அவர்கள் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீருக்கு நான் எழுந்தால் மூன்று பேர் எழுந்து ஓடுவார்கள். ஒரு வாரம் அங்கே இருந்தால் எனக்குக் கை கால் இருப்பதே மறந்துபோகும்.

போன மாதம் ஒரு நாள் கரண்ட் இல்லை, இன்னொரு நாள் நெட் இல்லை, இரண்டு நாள் வேலை செய்ய முடியாமல் போனது. ஆபீஸில் எங்கள் டீம் லீட் கூப்பிட்டு, மூன்றாவது தடவை இப்படி நடந்தால் என் இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள் என்றார். பாவம், அவருக்கும் சொல்லப் பிடிக்கவில்லை. காலை ஒன்பதுக்குள் லாகின் ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

இந்த நிலைமையில் ஆயுத பூஜை வந்தது. சனிக்கிழமை அண்ணன் குடும்பத்தோடு என் வீட்டுக்கு வந்தான். அண்ணி கம்ப்யூட்டரின் வயர்களை எல்லாம் பிடுங்கி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தார். மிக்ஸி, கத்தரிக்கோல், அண்ணனின் கார் சாவி, குழந்தைகளின் காம்பஸ் பாக்ஸ், என்னுடைய வெள்ளைக் கோல் என்று எல்லாவற்றையும் அம்மா படத்தின் முன்னால் பரப்பிப் பூஜை செய்தோம். கோலுக்குக்கூட இரண்டு பொட்டு. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விஜயதசமி. மறுபூஜை முடிந்து, அண்ணி வயர்களை எல்லாம் பழையபடி சொருகிவிட்டு, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். நல்ல நாளில் ஆரம்பிப்போம் என்று மூன்று மணிக்குப் பொத்தானை அழுத்தினேன்.

ஃபேன் சுற்றியது. உள்ளே டிஸ்க் கொறிக்கும் சத்தம் கேட்டது. வழக்கமாக முக்கால் நிமிஷத்தில் மூக்குக் குரல் வந்துவிடும். வரவில்லை. அணைத்துப் போட்டேன், வரவில்லை. ஸ்பீக்கர் வயரைத் தடவிப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஐந்தாவது தடவைக்கு அப்புறம் அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். செய்திருக்கக் கூடாது. காலையில் காரை எடுத்துக்கொண்டு வருகிறேன், வந்து பேசிக்கொள்ளலாம், மனசைப் போட்டுக் குழப்பிக்காதே என்றான். அவன் குரலில் கவலை இருந்தது, கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதிதான் எனக்கு எரிச்சல்.

கீழே இருக்கும் வீட்டுக்காரரிடம் கேட்டதில் அவர் ஒரு சர்வீஸ் ஆளை வரவழைத்தார். வந்தவர் மேஜையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றி வந்தார்.

"இன்னா மேடம், மானிட்டர் எங்க கீது?"

இல்லை என்றேன். பிறகு கீழ்வீட்டு டிவியில் சொருகலாமா என்று பார்த்தார். வயர் பொருந்தவில்லை. பூஜைக்குக் கடை மூடியிருக்கு, செவ்வாய்க்கிழமை எடுத்துக்கொண்டு வாங்க, எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுத் தரேன் என்றார். செவ்வாய்க்கிழமை எனக்கு வேலையே இருக்காது என்று அவரிடம் சொல்லவில்லை. காபி கொடுத்து அனுப்பினேன்.

அவர் போன பிறகு ஒன்று தோன்றியது. கண் இருக்கிறவருக்கும் இந்த மெஷினில் ஒன்றும் தெரியவில்லை. அப்படியானால் இந்த ஊரிலேயே இதைப் பார்க்கத் தகுந்த ஆள் நான்தான். அழுகை வருகிற மாதிரி இருந்ததை அடக்கிக்கொண்டு படுத்துத் தூங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை ஐந்தரைக்கு எழுந்து, ஃபோனில் டைமர் வைத்துக்கொண்டு மெஷினை ஆன் செய்தேன். இந்தத் தடவை குரலுக்காகக் காத்திருக்கவில்லை. டிஸ்க் சத்தத்தை மட்டும் கவனித்தேன். கொஞ்ச நேரம் கொறித்தது, அப்புறம் அமைதி. ஒன்றரை நிமிஷம் கழித்து இன்னொரு தடவை சின்னதாகக் கொறித்தது, அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. அணைத்து மறுபடி பார்த்தேன். அதே ஒன்றரை நிமிஷம். மூன்றாவது தடவையும் அதேதான். கெட்டுப்போன மெஷின் இப்படி நேரம் தவறாமல் நடக்காது. இது எதற்காகவோ காத்திருக்கிறது, ஒன்றரை நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு வெறுத்துப்போய் நின்றுவிடுகிறது.

அதை ஃபோனில் தேடினேன். பத்து நிமிஷத்தில் விடை கிடைத்தது. லினக்ஸ் எழுந்திருக்கும்போது ஒரு பட்டியலைப் படிக்கும். எந்தெந்த டிஸ்க்கைச் சேர்க்க வேண்டும் என்பது அதில் வரி வரியாக இருக்கும். பட்டியலில் உள்ள டிஸ்க் வரவில்லை என்றால் ஒன்றரை நிமிஷம் காத்திருக்கும். அப்புறம் மேலே போகாமல், பாஸ்வேர்டைப் போட்டு என்னைச் சரிசெய் என்று திரையில் எழுதிவிட்டு நின்றுவிடும். அந்த நிலையில் பேசும் மென்பொருள் கிடையாது. நேற்று முழுக்க அது என்னிடம் உதவி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

எந்த டிஸ்க் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பழைய பதிவுகளைச் சேர்த்துவைக்க வெளியே ஒரு சின்ன டிஸ்க் மாட்டியிருந்தேன். ஆறு மாதம் முன்னால் அதைப் பட்டியலில் சேர்த்ததும் நான்தான். இது வராவிட்டாலும் பரவாயில்லை, மேலே போ என்று சொல்ல ஒரு வார்த்தை சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை. கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினேன். டிஸ்க் இருந்த இடம் காலி. பூஜை நடந்த இடத்திலும் இல்லை. அண்ணிக்கு ஃபோன் செய்தேன்.

"கருப்பா, சோப்பு டப்பா மாதிரி இருக்கே, அதுவா? பசங்க சாமானோட சேர்த்துப் பையில போட்டுட்டேன் போலிருக்கே. பை கார்லதான் இருக்கு. உங்க அண்ணன் இப்பத்தான் கிளம்பினார்."

அப்போது மணி ஏழு. அண்ணி மேல் கோபம் வந்தது, உடனே போய்விட்டது. வரியைத் தப்பாக எழுதிய எனக்கு அவரைத் திட்ட என்ன யோக்கியதை இருக்கிறது? டிஸ்க்கை மாட்டினால் போதும், மெஷின் எழுந்துவிடும் என்று அண்ணனுக்காகக் காத்திருந்தேன். ஏழேமுக்காலுக்குக் கூப்பிட்டேன். பூஜை லீவு முடிந்து ஊரிலிருந்து திரும்புகிற பஸ்ஸும் காரும் ஜி.எஸ்.டி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. இன்னும் ஊரப்பாக்கம்கூடத் தாண்டவில்லை, ஒன்பதரையாவது ஆகும் என்றான். பின்னால் ஹார்ன் சத்தத்தில் அவன் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

இனி அந்த டிஸ்க் இல்லாமலே எழுப்ப வேண்டும். பட்டியலில் அந்த வரிக்கு முன்னால் ஒரு குறி போட்டுவிட்டால் கம்ப்யூட்டர் அதைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். வேலை அவ்வளவுதான். ஆனால் திரையும் இல்லாமல் குரலும் இல்லாமல் அதைச் செய்ய வேண்டும். ஓர் எழுத்து மாறி முழுப் பட்டியலும் கெட்டுப்போனால் மெஷின் நிஜமாகவே எழுந்திருக்காது. டைப் அடிக்க எனக்குப் பயமில்லை, அது என் பிழைப்பு. நான் அடித்தது உள்ளே போனதா என்று தெரியாமல் இருப்பதுதான் பயம். சரி என்று ஒரு வார்த்தை சொல்ல அந்த மெஷினுக்கு வாய் வேண்டும்.

கம்ப்யூட்டர் பெட்டியைக் கையால் தடவியபடி உட்கார்ந்திருந்தேன். முன்பக்கத்தில் டிவிடி தட்டு விரலில் பட்டது. நான் ஒரு நாளும் அதைத் திறந்ததில்லை. ஆனால் அதைத் திறக்க லினக்ஸில் ஒரே ஒரு வார்த்தை போதும் என்று தெரியும். நான் சொன்னது புரிந்தால் தட்டை நீட்டு என்று சொல்லிவைத்தால்?

ஆன் செய்தேன். ஒன்றரை நிமிஷம் முடிந்து சின்ன கொறிப்புக் கேட்டது. பாஸ்வேர்டு அடித்தேன், என்டர். தட்டைத் திறக்கும் வார்த்தை, என்டர். ஒன்றும் இல்லை. மறுபடி அடித்தேன். இல்லை. வியர்த்துவிட்டது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, என்ன அடித்தேன் என்று விரல் விரலாக நினைத்துப் பார்த்தேன். பாஸ்வேர்டில் நான்கு எண்கள் உண்டு. எப்போதும் வலது பக்க எண் கட்டையில்தான் அடிப்பேன். இந்த நிலையில் அந்தக் கட்டை விழித்திருக்கிறதோ இல்லையோ. இந்தத் தடவை எண்களை மேல் வரிசையில் அடித்தேன்.

கடக்கென்று தட்டு வெளியே வந்து என் மணிக்கட்டில் இடித்தது. வாய்விட்டுச் சிரித்தேன். தனியாக இருக்கும் வீட்டில் அவ்வளவு சத்தமாக நான் சிரித்ததே இல்லை.

அதற்கப்புறம் அவசரப்படவில்லை. ஒவ்வொரு கட்டளையையும் முதலில் ஃபோனில் எழுதி, எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொல்லிக் கேட்டு, பிறகே கம்ப்யூட்டரில் அடித்தேன். பட்டியலை ஒரு பிரதி எடுத்து வைத்தேன், அது சரியாக முடிந்தால் மட்டும் தட்டைத் திற என்றேன். திறந்தது. உள்ளே தள்ளிவிட்டு, அந்த வரிக்கு முன்னால் குறியைப் போடச் சொன்னேன். குறி இருக்கிறதா, இருந்தால் திற. திறக்கவில்லை. எட்டு இருபத்தைந்து. ஃபோனில் எழுதியதை மறுபடி கேட்டுப் பார்த்தேன், ஒரு சாய்வுக்கோட்டை விட்டிருக்கிறேன். போட்டேன். குறி இருக்கிறதா? தட்டு வந்தது.

மறுபடி எழுந்திரு என்று கட்டளை கொடுத்துவிட்டு எண்ண ஆரம்பித்தேன். நாற்பத்தொன்றில் மூக்குக் குரல் வந்தது. எட்டு நாற்பத்தெட்டுக்கு லாகின் ஆனேன். குட் மார்னிங் என்று டீம் லீடுக்கு அனுப்பினேன். குட் மார்னிங், கார்டியாலஜி ஃபைல் நிறைய இருக்கு என்று பதில் வந்தது. அதைவிட இனிப்பான செய்தி அந்த வருஷம் எனக்கு வரவில்லை.

அண்ணன் ஒன்பதே முக்காலுக்கு வந்தான். நான் ஹெட்ஃபோனை ஒரு காதில் மாட்டிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றான்.

"யார் வந்து சரி பண்ணாங்க?"

"நான்தான்."

"இல்ல, யார் வந்தாங்கன்னு கேக்கறேன்."

யாரும் வரவில்லை, நானே செய்தேன் என்று மறுபடி சொன்னேன். டிஸ்க்கை மேஜையில் வைத்தான். கீழே இறங்கிப் போனான். வீட்டுக்காரரிடம் காலையில் யாராவது மாடிக்கு வந்தார்களா என்று அவன் விசாரிப்பது கேட்டது. யாரும் வரவில்லையே என்றார் அவர். பிறகு அண்ணன் குரல் கொஞ்சம் இறங்கியது. என் காதுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை.

"சார், மாசக் கடைசில காலி பண்றோம்னு சொல்லியிருந்தேன்ல. அது வேணாம் சார். அவ இங்கயே இருக்கட்டும்."

பதிவை நிறுத்தினேன். இவன் எப்போது சொன்னான்? போன மாதம் நெட் போனபோதா? என் வேலை போகுமுன்னே என் வீட்டைக் காலி செய்து முடித்திருக்கிறான். இன்று காரில் வந்தது எதற்கு என்றும் புரிந்துவிட்டது. எழுந்து போய் மாடிப்படியின் மேல் நின்றேன்.

"சார், இந்த வீட்டுல இருக்கறது நான். காலி பண்றதா இருந்தா நான் இறங்கி வந்து சொல்றேன். வேற யார் சொன்னாலும் கேட்டுக்காதீங்க."

கேட் பக்கத்தில் ஒரு ஆட்டோ ரிவர்ஸ் எடுத்துப் போனது.

"சரிம்மா" என்றார் வீட்டுக்காரர்.

அண்ணன் சொல்லட்டும் என்று நின்றேன். எனக்கு அவன் மேல் அவ்வளவு கோபம், அவ்வளவு பாசமும் இருந்தது. கடைசியில், "சரி, நீயே சொல்லு" என்றான்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். பதிவில் இருந்த டாக்டர் விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார், நான் அடிக்க ஆரம்பித்தேன்.