பங்களா வளைவில் எரிந்த விளக்கு

புது வண்டி என்றால் ஒழுங்காக ஓட வேண்டாமா? எட்டு வயதில் எனக்கு இருந்த ஆத்திரம் அது ஒன்றுதான்.

கொட்டகலை கடைவீதியில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமையானால் மெயின் ரோட்டில் போய் நிற்பேன். என்னைப் பெட்ரோல் டாங்கியின் மேல் உட்கார வைத்து தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் வரிசை வீட்டில் குடியிருந்த லயத்துக்குக் கூட்டி வருவார். மலையே அதிர ஏறி வரும் வண்டி, தோட்டத்து அதிகாரியான துரையின் பங்களா வளைவுக்கு வந்ததும் பொசுக்கென்று நின்றுவிடும்.

"அங்க பாரு, செவப்பு லைட்டு எரியுது. இனி ஓட்டுனா என்ஜின் கெட்டுப் போயிரும்" என்பார் மாமா.

பார்த்தால், ஹெட்லைட்டின் தலையில் குங்குமப் பொட்டு மாதிரி சின்ன விளக்கு எரிந்துகொண்டிருக்கும். இறங்கி, பங்களா வேலி முடியும் வரை இரண்டு பேரும் தள்ளுவோம். வேலியைத் தாண்டி மாமா ஒரு மிதி மிதித்தால் வண்டி கிளம்பிவிடும், விளக்கும் அணைந்துவிடும். ஆனால் என்ன பிரயோசனம்? மேட்டிலிருந்து லயத்துப் பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்திருப்பார்கள். "தள்ளுவண்டி மாமா" என்று கத்திக்கொண்டே கூட ஓடி வருவார்கள். மானம் போகும்.

"மலைக்காத்து வண்டிக்கு ஒத்துக்கல புள்ள" என்றார் மாமா. மெயின் ரோட்டில் மட்டும் என்ன கடல்காற்றா அடிக்கிறது? விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று நான் ஒரே பிடியாக நின்றேன். அழுது, சோறு தின்னாமல் கிடந்து, கடைசியில் அவரை ஹட்டன் கராஜுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

மெக்கானிக் வண்டியைக் கிளப்பினார், நிறுத்தினார், மறுபடியும் கிளப்பினார்.

"வண்டியில ஒரு கோளாறும் இல்லீங்க. சாவி போட்டிருக்கையில என்ஜின் நின்னுட்டா இது எரியத்தான் செய்யும். ஓடுனா அணைஞ்சிரும்" என்றார். மாமா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

திரும்பும்போது நான் விளக்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பங்களா வளைவு வந்தது. புல்தரையில் துரை நாயோடு நின்றிருந்தார். விளக்கு எரியவில்லை. "எரியல மாமா, போங்க" என்றேன். மாமா கிளட்சைப் பிடிக்காமல் பிரேக்கை மிதித்தார். வண்டி ஓர் உலுக்கு உலுக்கி நின்றது. அதற்குப் பிறகுதான் விளக்கு எரிந்தது.

"பாத்தியா, எரியுது" என்று இறங்கினார்.

என் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நிறுத்தினது இவர், பழி விளக்குக்கா? தள்ளமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நடந்தேன்.

துரை பங்களாவுக்கு முன்னால் எங்கள் ஆட்கள் வண்டியில் உட்கார்ந்து போகக்கூடாது என்பது சட்டம். மழை கொட்டினாலும் குடையை மடக்கிக்கொண்டுதான் போக வேண்டும். மாமா மீறியிருந்தால் அவரை ஒன்றும் செய்யமாட்டார்கள், அவர் கடைக்காரரிடம் சம்பளம் வாங்குகிறவர். தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்த அப்பாவுக்குப் பத்துச்சீட்டைக் கொடுத்து வேலையை விட்டு அனுப்பியிருப்பார்கள். சட்டி பானையோடு நாங்களும் லயத்தை விட்டு இறங்கியிருக்க வேண்டும். என்ன அநியாயம் இது? ஒரு மனுசன் சொந்த வண்டியில் உட்காரக்கூடாதாம். அது பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்று பொய் வேறு சொல்ல வேண்டுமாம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அன்றைக்கு யார் இதையெல்லாம் எனக்குச் சொன்னார்கள்?

லயத்துப் பீலியில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள், அம்மாவும்தான். அப்பாவும் இன்னும் சில ஆண்களும் பக்கத்தில் நின்றார்கள். நான் நேரே அவர்கள் நடுவில் போய் நின்றேன்.

"வண்டி நல்ல வண்டிதான். மாமாவுக்குத்தான் ஓட்டத் தெரியல. பங்களாகிட்ட அவராத்தான் நிப்பாட்டுறாரு" என்றேன்.

"ஆமா புள்ள, எனக்கு ஓட்டத் தெரியல" என்றார் மாமா.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரியவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. தண்ணீர்ச் சத்தத்தில் காதில் விழவில்லையாக்கும் என்று, நான் இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன்.