இரண்டு நெக் அஸ்மிராக்கள்

எங்கள் ஹோம் தீவில் முதல் பிள்ளை பிறந்ததும் தாயின் பெயர் போய்விடும். பிள்ளையின் பெயரோடு ‘மாக்’, அதாவது அம்மா என்று சேர்த்துக் கூப்பிடுவார்கள். முதல் பேரப்பிள்ளை வந்தால் அதுவும் போய், பாட்டிக்கும் தாத்தாவுக்கும் சொல்லும் ‘நெக்’ ஆகிவிடும். மாக் ஹைருலின் மூத்த மகன், பக்கத்து வீட்டு மாக் நாஸிராவின் மூத்த மகளைக் கட்டினான். அவர்களுக்கு அஸ்மிரா பிறந்தாள். ஆக, இரண்டு சம்பந்திகளும் ஒரே நாளில் நெக் அஸ்மிரா ஆனார்கள். குழந்தை, அவர்கள் பிழைக்கப் போன போர்ட் ஹெட்லாண்டில் பிறந்தது. வம்பு இங்கே பிறந்தது.

குழப்பம் வேண்டாம் என்று நான் பழைய பெயரிலேயே எழுதுகிறேன். நான் எழுத வந்தது மாக் ஹைருலைப் பற்றி.

நல்ல சமையல்காரி. பெரிய கை, பெரிய குரல், யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் சட்டி தூக்கிக்கொண்டு வருகிறவள். அவளுக்கு இருந்த ஒரே வியாதி பக்கத்து வீடு. மாக் நாஸிரா வருஷம் முழுக்க, தினமும் மாலையில் அஸர் தொழுத கையோடு ஜன்னலோரம் உட்கார்ந்து குர்ஆனில் கொஞ்சம் ஓதுவாள். குரல் தேன் மாதிரி இருக்கும். தெருவில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். “நெக் அஸ்மிரா ஒருநாள் விடாம ஓதுறாங்க” என்று பள்ளிவாசலில் பேச்சு வரும். அதே பெயர் கொண்டவள் அங்கேயே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

“மூக்கால ஓதுறா,” என்பாள் என்னிடம். “சளி பிடிச்ச ஆடு மாதிரி.”

ஒவ்வொரு ரமலானுக்கும் மாக் ஹைருல் சபதம் எடுப்பாள். இந்த மாசத்திலேயே முழுக் குர்ஆனையும் முடிப்பேன், பெருநாளுக்குப் பிறகும் விடமாட்டேன். முதல் வாரம் அவள் வீட்டில் ஒருவரும் இருமக்கூடாது. அப்புறம் நோன்பு திறக்கப் பலகாரம் சுடும் வேலை வரும், கப்பலில் மாவு வரும், மைத்துனி வருவாள். பெருநாள் பிறை தெரிகிறபோது குர்ஆன் அலமாரி மேலே துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பக்கத்து ஜன்னலில் குரல் மட்டும் நிற்காது. மாக் ஹைருல் தன் ஜன்னலைச் சாத்துகிற சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும்.

போன ரமலானில் கடைக்காரி மாக் லிடியா, மாக் ஹைருலைப் பார்த்ததும் தெருவென்று பாராமல் கத்தினாள்.

“நெக் அஸ்மிரா! உங்க போன் என்ன, அரிசிப் பானைக்குள்ளயா கிடக்கு? ஹைருல் கடைக்குக் கூப்பிட்டான். பெருநாளுக்கு வர்றாங்களாம். பிள்ளைக்கு நெக் அஸ்மிராதான் ஓத ஆரம்பிச்சு வைக்கணும்னு சொல்லச் சொன்னான்.”

பிள்ளைக்கு முதல் எழுத்தைச் சொல்லிக் கொடுப்பது எங்களிடம் சின்ன விஷயமல்ல. மஞ்சள் ஒட்டரிசிச் சோறு தட்டில் வைத்து, சொந்தம் எல்லாம் உட்கார்ந்து பார்க்கும். சொல்லிக் கொடுத்தவளைப் பிள்ளை ஆயுசுக்கும் மறக்காது. மாக் ஹைருல் கடைவாசலில் அப்படியே நின்றாள். வாங்க வந்த சர்க்கரையை வாங்காமலே திரும்பினாள்.

மறுநாள் என்னிடம் வந்தாள். வயதில் மூத்த என்னை ஊரில் ‘வாக்’ என்பார்கள். நான் அப்போது கூலிக்குப் பழைய இமாம் நெக் வாஹித்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன். ஊரில், இந்தக் கம்போங்கில், பாதிப் பேருக்கு ஓதக் கற்றுக்கொடுத்தவர். பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. வலது பக்கம் முழுக்கப் போய், இடது கை மட்டும் மிச்சம். நோயாளி என்பதால் நோன்பும் இல்லை.

“வாக், உன் கிழவர் எப்போ கஞ்சி குடிப்பாரு?”

“அஸருக்கு அப்புறம். ஏன், நீ ஆக்கித் தரப்போறியா?”

“ஓத வர்றேன்.”

“உன் வீட்ல இடமில்லையா?”

“என் வீட்டுச் சுவரு பூரா அவ காதுதான். நான் திக்கித் திக்கி ஓதுறத அவ கேட்கணுமா? பெருநாளுக்குள்ள நாக்கு திருந்தணும். ஒரு நாளைக்கு முப்பதுல ஒரு பாகம்னு வச்சுக்கலாம்.”

“ஒரு பக்கம்,” என்றேன். “அதுக்கு மேல அவரால நிமிர்ந்து உட்கார முடியாது. கஞ்சி ஆரம்பிக்கும்போது நீயும் ஆரம்பி. கிண்ணம் காலியானா நீயும் எழுந்து போ.”

அவள் மறுமைக்காக நான் இதைச் சொல்லவில்லை, அவர் முதுகுக்காகச் சொன்னேன்.

முதல் நாள் மூன்றாவது வரியிலேயே ‘டக்’ என்று சத்தம். நெக் வாஹித் இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டினார்.

“என்ன வேணுமாம் இவருக்கு?”

“நீ தப்பா ஓதினியாம்.”

“எந்த இடத்துல?”

டக்.

“அல்லாவே, படுத்த படுக்கையா கிடந்தாலும் காது மட்டும் பழுதாகல பாரு! நெக், நான் உங்ககிட்ட சின்ன வயசுலயே அடி வாங்கினவ. போதாதா?”

டக். பாதி முகம் சிரித்தது. அவள் அந்த வரியைத் திரும்ப ஓதினாள். அவர் வாயைத் திறந்தார், நான் கஞ்சியை ஊட்டினேன். இத்தனை மாதங்களில் அவர் கிண்ணத்தைக் காலி செய்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு அவள் வந்துகொண்டே இருந்தாள். நோன்புத் தலைவலியோடு வந்தாள். விரலில் மாவு காயாமலே வந்து இங்கே முகம் கைகால் கழுவி ஒளு செய்தாள். மழையில் வாழை இலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தாள். வீட்டுக்குப் போகும்போது வாசலில் நின்று பக்கத்து ஜன்னலைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வாளாம். “ஓதட்டும், ஓதட்டும். பெருநாளன்னைக்கு வாயடைச்சு நிப்பா,” என்பாள்.

பெருநாளுக்கு முந்தின வாரம் மாக் நாஸிரா நோயாளிக்குப் பேரீச்சம்பழம் எடுத்துக்கொண்டு நெக் வாஹித் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாக் ஹைருல் அப்போதுதான் குர்ஆனைத் திறந்திருந்தாள்.

“சம்பந்தி, இங்கயா இருக்கீங்க? உங்க வீட்ல தேடிட்டு வர்றேன். அஸ்மிராவுக்கு நான் ஓத ஆரம்பிச்சு வைக்கிறேன்ல, மஞ்சச் சோறு நீங்கதான் ஆக்கணும். உங்க கைப்பக்குவம் எனக்கு வராது.”

“யாரு ஆரம்பிச்சு வைக்கிறது?”

“நான்தான். ஹைருல் கடையில சொல்லி விட்டானாமே, மாக் லிடியா என்கிட்ட சொல்லவே இல்ல. என் மக கூப்பிட்டப்பதான் தெரிஞ்சுது.”

அப்போதுதான் என் மரமண்டைக்கும் உறைத்தது. எந்த மகன் பெற்றவளை ‘நெக் அஸ்மிரா’ என்பான்? அவளைச் சொல்லியிருந்தால் ‘மாக்’ என்றிருப்பான். மாமியாரைத்தான் அப்படிச் சொல்வான். அது கடைக்காரிக்கும் தோன்றவில்லை, இவளுக்கும் தோன்றவில்லை. ஆசை காதை அடைத்துவிட்டது.

மாக் ஹைருல் குர்ஆனை மூடி, முத்தமிட்டு, துணியில் சுற்றினாள்.

“சோறுதானே. ஆக்கிட்டாப் போச்சு,” என்றாள். போய்விட்டாள்.

மறுநாள் வரவில்லை. நான் கரண்டியை நீட்டினேன், நெக் வாஹித் உதட்டை இறுக்கிக்கொண்டார். கஞ்சி ஏடு கட்டியது. பசியோடு ஒரு மனிதரைப் படுக்க வைத்துவிட்டுப் போவது என் வழக்கமில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணை அவருக்குத் துணை வைத்துவிட்டு நேராக அவள் அடுப்படிக்குப் போனேன்.

தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அந்தத் தேங்காய் யாருடைய தலை என்று கேட்க வேண்டியதில்லை.

“அவர் சாப்பிட மாட்டேங்குறாரு.”

“அவளைக் கூப்பிடு. பெத்த மகனே அவளைத்தான் கேட்குறான், கிழவருக்கு மட்டும் நான் எதுக்கு? அவ ஓதினா மீனெல்லாம் கரைக்கு வரும்.”

“இதுக்கு முன்னாடி அவ வந்து ஓதியிருக்கா. தப்பே வராது. அவரு கண்ணை மூடிக்கிட்டுத் தூங்கிடுவாரு. நீ ஓதினாத்தான் அந்தக் கை அசையுது. மிச்சம் இருக்கிறது ஒரு கை. அதுவும் விறைச்சுப் போனா அல்லாடப் போறது நான்.”

“அப்போ உன் வேலை சுலபமாகணும்னு நான் வரணும்?”

“ஆமா.”

துருவலை அப்படியே போட்டாள். முறைத்தாள். ‘உன் ஓதலில் பரக்கத் இருக்கிறது’ என்று நான் குழைந்திருந்தால் அந்தத் தேங்காய் என் மேல் வந்திருக்கும்.

“ஒரு பக்கம்தான்,” என்று எழுந்து கை கழுவினாள்.

அன்று கோபத்தில் ஓதினாள். வரிக்கு வரி தப்பு. கம்பி அடங்கவே இல்லை. கிண்ணம் காலி.

பெருநாள் வந்தது. பிள்ளைகள் வெள்ளிக்கிழமை விமானத்தில் வந்தார்கள். அஸ்மிரா முன்பல் இல்லாமல், ஓரிடத்தில் நிற்காத பிள்ளை. மாக் நாஸிராவின் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். பிள்ளை அவள் மடியருகே உட்கார்ந்து, அவள் விரல் காட்டிய எழுத்தை அவள் குரலிலேயே திருப்பிச் சொன்னது. எல்லோரும் மாஷா அல்லா என்றார்கள். நான் மாக் ஹைருலைப் பார்த்தேன். சுவரோரம் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். 

சோற்றில் உப்பை அள்ளிப் போட்டிருப்பாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம். வாயில் வைத்தால் அத்தனை ருசி. தன் சமையலைக் கெடுத்துக்கொள்ளும் அளவுக்கு அவள் யாரையும் வெறுத்ததில்லை.

எல்லோரும் கை நக்கிக்கொண்டிருக்கும்போதே அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். மாக் ஹைருல் தொழுதாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், செருப்பை மாட்டினாள்.

“மாக், எங்க போறீங்க? பெருநாளும் அதுவுமா?” என்றான் ஹைருல்.

“ஒரு ஆளு கஞ்சிக்குக் காத்திருப்பாரு.”

“அது வாக்கோட வேலைதானே?”

“என்னோடதும்தான்,” என்று போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடவேண்டியதாயிற்று.

பெருநாள் கழிந்தும் அவள் நிறுத்தவில்லை. ஒருநாள் மாக் நாஸிரா வாசலில் வந்து நின்றாள். உள்ளே வராமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். டக். மாக் ஹைருல் திரும்ப ஓதினாள். டக். அந்தப் பக்கம் முடிந்த பிறகுதான் மாக் நாஸிரா வாயைத் திறந்தாள்.

“எனக்கு அவரு ஒரு தடவை கூடத் தட்டினதில்ல.”

“நீ தப்புப் பண்ணமாட்டியே,” என்றேன்.

“தப்புப் பண்ணலையா, இல்ல அவரு கேட்கவே இல்லையா?” குரலில் தேன் இல்லை. “இத்தனை வருஷமா ஜன்னல்ல உட்கார்ந்து ஓதுறேன். எனக்காக யாரும் பட்டினி கிடக்கல.”

மாக் ஹைருல் குர்ஆனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“நாளையிலேருந்து நானும் வர்றேன் சம்பந்தி. ஆளுக்கு அரைப் பக்கம் ஓதலாம்.”

“உங்ககிட்ட பிள்ளை இருக்கு, அவளுக்குச் சொல்லிக் குடுங்க. இந்தப் பக்கம் என்னுது.”

“அல்லாவோட வார்த்தையில என்ன உங்களுது எங்களுது?”

“வார்த்தை அல்லாவோடது. தப்பெல்லாம் என்னுது. அதைத்தான் இவரு கேட்குறாரு.”

மாக் நாஸிரா திரும்பிப் போனாள். நியாயமாகப் பார்த்தால் அவளை உள்ளே கூப்பிட்டிருக்கலாம். நான் கூப்பிடவில்லை. இருவரும் வந்தால் சண்டையில் கஞ்சி கொட்டும், மெத்தையை நான் கழுவவேண்டும். அதோடு, விட்டுக்கொடுக்க மனமில்லாத ஒருத்தி நாளைக்கும் வருவாள், மழை பெய்தாலும் வருவாள்.

மாக் ஹைருல் நாளைய பக்கத்தில் நூலை வைத்தாள். இப்போது அவள் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்தால் அவள்தான் மாக் நாஸிராவுக்குச் சூனியம் வைத்துத் துரத்தினாள் என்பார்கள். நெக் வாஹித்தின் வாயைத் துடைத்துவிட்டு, கட்டிலின் தலைப்பக்கத்தை இறக்கினேன்.