மலைச் சருகுக்குள் ஓர் அடையாள அட்டை

அன்று மலையில் இருந்தது நானும் அக்காவின் கணவரான அத்தானும் மட்டும்தான். அப்பா துறைமுகப் பக்கத்துக் களஞ்சியத்தில் சனிக்கிழமை வேலைக்குப் போயிருந்தார். அம்மா மொன்ட்ரியால்-நோர் பகுதியில் எங்கள் வீட்டில். அக்கா யாழ்ப்பாணத்தில், கைக்குழந்தையோடு. அத்தானின் அகதி வழக்கு வென்றால்தான் அவர்கள் இருவரும் இங்கே வரமுடியும். விசாரணைக்குப் பதினொரு நாள் இருந்தது.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் நான். ஓட்டமும் அங்கே தொற்றிய பழக்கம். அத்தானுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, தொடங்குகிறது என்று டொக்டர் சொன்னதிலிருந்து, அவரையும் நகர நடுவிலிருக்கும் மலைக்கு இழுத்துப் போகத் தொடங்கினேன்.

"ஊரிலை ஒருத்தன் ஓடினா, ஆரோ பின்னாலை கலைக்கிறாங்கள் எண்டு அர்த்தம்," என்பார். "இஞ்சை நீங்கள் சும்மா ஓடுறியள்."

அன்று அடிவாரத்தில் கையில் எதையோ பொத்திப் பிடித்திருந்தார்.

"தம்பி, உன்ரை களிசானிலை சிப் வைச்ச பொக்கற் இருக்கெல்லே. இதை வை. என்ரையிலை பொக்கற்றே இல்லை."

அவருடைய இலங்கை அடையாள அட்டை, ஐசி. இரண்டு மாதத்துக்கு முன்தான் ஊரிலிருந்து ஒருவர் கையில் வந்து சேர்ந்தது. அவர் யார் என்பதற்கு அது ஒன்றே சான்று. விசாரணை அன்று மூல அட்டையைக் கொண்டுவரவேண்டும் என்று லோயர் இரண்டு தரம் சொல்லியிருந்தார்.

"இதை ஏன் அத்தான் கொண்டந்தனீங்கள்? வீட்டிலை வைச்சிருக்கலாமே."

"ஐசி இல்லாமல் றோட்டிலை இறங்கிறதோ? விசரோடா உனக்கு?"

ஊரில் பதினாறு வயதிலிருந்து அதை எடுக்காமல் அவர் வீட்டுப் படலை தாண்டியதில்லை.  வாங்கி வைத்து சிப்பை இழுத்தேன்.

ஏற்றத்தில் மூக்கு ஒழுகியது. ஓடியபடியே சிப்பைத் திறந்து கடதாசித் துண்டை எடுத்தேன். திரும்ப மூடினேனா என்று இன்றைக்கும் தெரியாது. உச்சியில் அத்தான் மூச்சிரைத்துக்கொண்டு கையை நீட்டினார். பொக்கற்றுக்குள் மெற்றோ டிக்கெற் மட்டும் கிடந்தது.

பொக்கற்றை வெளியே இழுத்துப் புரட்டினேன்.  அத்தான் என் முகத்தைப் பார்த்தார்.  திரும்பிக் கீழே நடக்கத் தொடங்கினார், குனிந்தபடி.

மேப்பிள் இலைகள் கணுக்கால் வரை கிடந்தன. பழுப்பேறிய பிளாஸ்டிக்கும் பழுத்த இலையும் ஒரே நிறம். ஒவ்வொரு இலையும் ஒரு கணம் அட்டையாக இருந்து பிறகு இலையானது. எங்களைக் கடந்து ஓடியவர்கள் 'பொன்ஜூர்' சொல்லிவிட்டுப் போனார்கள். நாய்கள் எங்கள் கைகளை மோந்தன. நான் மனதுக்குள் நாட்களை எண்ணினேன், பதினொன்று, பதினொன்று, அதற்குமேல் ஒரு கணக்கும் ஓடவில்லை.

வளைவில் குதிரைப் பொலிஸ் இரண்டு பேர் வந்தார்கள். அத்தான் பாதையை விட்டு விலகி, கைகளைத் தொங்கவிட்டு, அசையாமல் நின்றார். வலக்கை மட்டும் தானாக எழுந்து, இல்லாத சேட்டுப் பையைத் தடவியது. பொலிஸ்காரி ஏதாவது தொலைத்துவிட்டீர்களா என்று பிரெஞ்சில் கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் அத்தான், "நோ, மெர்சி, மெர்சி," என்று நன்றி சொல்லி மறுத்தார். குதிரைகள் போனபின்பும் அவர் அப்படியே நின்றார்.

"சொல்லியிருக்கலாம் அத்தான். அவையளும் தேடியிருப்பினம்."

"ஐசி இல்லை எண்டு பொலிசுக்கு நானே சொல்லுறதோ?"

அடுத்த நாள் அப்பாவும் வந்தார். மூன்று பேரும் தடியால் சருகைக் கிளறினோம். மழை பெய்து இலைகள் ஒட்டிப்போயிருந்தன. கிடைக்கவில்லை. அப்பா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "படிச்ச பிள்ளையிட்டைத்தானே குடுத்தவர்," என்று மட்டும் சொன்னார்.

திகைத்து நின்ற அத்தானுக்காக நான்தான் லோயரோடு கதைத்தேன். விசாரணை மூன்று மாதம் தள்ளிப்போனது. அந்த மூன்று மாதமும் அக்கா, அத்தானுக்கு வேறு சான்று எடுக்க, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிராம சேவையாளரிடமும் கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்துக்கும் அலைந்தாள், ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி ஏறி. தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் அவளை எங்கேயோ பிடித்து வைத்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றும். கடைசியில் உறுதிப்படுத்திய பிறப்புச் சான்றிதழும் கடிதமும் வந்தன, வழக்கும் வென்றது.

அந்த ஒரு சிப்பின் விலை: தபால், மொழிபெயர்ப்பு, சத்தியக் கடதாசி, லோயரின் மேலதிகக் கூலி, எல்லாம் சேர்த்து அறுநூற்று எண்பது டொலர்.