கழுதை பார்க்கப் போன புத்தளத்துக்காரன்

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் ஒரு சிறு நகரம். ஒன்பது நாட்கள் அங்கே தங்கிவிட்டுப் போன வாரம்தான் புத்தளம் திரும்பினேன். என் மனைவி நஸீமாவின் தம்பி ரிஸ்வான் அங்கே குடும்பத்தோடு இருக்கிறார்.

நகரம் என்றால்... ஒரு கடைத்தெரு, ஒரு மணிக்கூட்டுக் கோபுரம், ஜன்னலுக்கு ஜன்னல் பூச்சட்டி. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து பார்த்தேன் — பதினான்கு நிமிடம். மாலை ஐந்தரைக்கு எல்லாக் கடையும் பூட்டு. நம் ஊரில் அப்போதுதானே கொத்து ரொட்டிக் கல்லே சூடாகும்?

சுற்றிப் பார்க்கும் இடங்களை மச்சான் ரிஸ்வான் நாள்வாரியாகப் பிரித்து வைத்திருந்தார். முதல் நாள், கூரையில்லாத கோட்டை. இரண்டாம் நாள், தண்ணீரில் சுற்றும் பழைய மாவு ஆலை. மூன்றாம் நாள் காரில் ஏறியதும் சொன்னார்:

"மச்சான், இண்டைக்கு நல்ல இடமொண்டு. கழுதை பாக்கப் போறோம்."



"தம்பி, நாங்க எந்த ஊரால வந்த எண்டு ஞாபகம் இரிக்கா?" என்றாள் நஸீமா. "கேட்டைத் திறந்தா கழுதை, பஸ் ஸ்டாண்டுல கழுதை. இதுக்குப் பிளேன் ஏறி வரணுமா?"

விஷயம் வேறு. மச்சானின் மகள் ஹனாவுக்கு மிருக வைத்தியம் படிக்க ஆசை. அதற்கு விலங்குகளோடு வேலை செய்த அனுபவம் கேட்கிறார்களாம். இந்தக் கழுதைக் காப்பகத்தில் தொண்டருக்கு ஒரே ஒரு இடம் இருந்தது. தலைவி அன்றுதான் முடிவு சொல்லப்போகிறார்.

"மாமா, உங்கட ஊர்ல கழுதை நிறைய எண்டு அவங்களுக்குச் சொல்லி வச்சிருக்கன்," என்றாள் ஹனா. "கொஞ்சம் நல்லாக் கதைங்க, ப்ளீஸ்."

காலை 10.40. பச்சைப் புல்வெளியில் முப்பத்தொரு கழுதைகள் — எண்ணினேன். ஒவ்வொன்றின் கழுத்திலும் பெயர்ப் பட்டி. மழைக்கு மேலங்கி. பல் வைத்தியர் வேறு தவறாமல் வருவாராம்! என் பல்லை நான் கடைசியாகக் காட்டியது எப்போது?

தலைவிக்கு எழுபது வயதிருக்கும். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ்.

"கழுதைகளோடு உங்களுக்குப் பழக்கம் உண்டாமே?"

"தினமும்," என்றேன். பொய்யில்லையே!

அப்போதுதான் சாம்பல் நிறக் கழுதையொன்று பின்னால் வந்து நஸீமாவின் கைப்பைக்குள் வாயை விட்டது. உள்ளே மரக்கறி ரொட்டிப் பார்சல்.

"யா அல்லாஹ், என்ட பேக்!"

என் உடம்பு என்னிடம் அனுமதி கேட்கவில்லை. சட்டென்று குனிந்து வலது கையைத் தரைக்குக் கொண்டுபோனேன். புத்தளத்தில் யாருக்கும் இது தெரியும். கல் எடுக்கவே வேண்டாம். எடுப்பதுபோல் குனிந்தாலே கழுதை அடுத்த சந்தியைத் தாண்டிவிடும்.

இது ஓடவில்லை. நான் என்ன தேடுகிறேன் என்று பார்க்கத் தானும் தலையைக் குனிந்தது.

"என்ன செய்கிறீர்கள்?" தலைவியின் குரல் மாறியிருந்தது. ஹனாவின் முகம் வெளுத்துவிட்டது.

அவிழ்ந்த சப்பாத்து நாடா, விழுந்த கைக்குட்டை, பறிக்கக் காட்டுப்பூ... எத்தனை பொய்கள் வரிசையில் வந்து நின்றன! ஆனால் முப்பது வருடமாக டயரி எழுதுகிறவன் நான். பொய் சொன்னால் அதையும் எழுத வேண்டுமே?

"கல் எடுப்பதுபோல் பாவனை செய்தேன். எங்கள் ஊரில் இப்படித்தான் விரட்டுவோம்."

ஹனா கண்களை மூடிக்கொண்டாள்.

தலைவி கழுதையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் கண்கள் கலங்கின. அடித்து வளர்த்தவர்களிடமிருந்து மீட்ட கழுதையாம் அது. யார் குனிந்தாலும் நடுங்கி ஓடுமாம். அதன் முன்னால் பூட்ஸைக்கூட யாரும் குனிந்து கழற்றுவதில்லை. இன்றுதான் முதன்முறையாக ஓடாமல் நின்றிருக்கிறது!

"ரொட்டி வாசத்துக்கு நிக்கிது. இதுக்குப் போய் அழுறாவே!" என்று நஸீமா என் காதில் சொன்னாள். இதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

"இன்னொரு தடவை குனிவீர்களா?" என்று கேட்டார் தலைவி. குனிந்தேன். கழுதை நின்றது. வேலையாட்களைக் கூப்பிட்டார். அவர்களுக்காகக் குனிந்தேன். மிருக வைத்தியர் வந்தார். அவருக்காகவும். போனில் படம் சரியாக விழவில்லை என்று மறுபடியும்...

புறப்படும்போது தலைவி ஹனாவின் தோளில் கை வைத்தார். "இங்கே தவறு செய்வது பெரிய விஷயமில்லை, மறைத்தால்தான் மிருகம் சாகும். உன் மாமா மறைக்கவில்லை. நீ சனிக்கிழமை வா."

பொய் சொல்லியிருந்தால் ஒரு தடவையோடு முடிந்திருக்கும் — உண்மைக்குப் பதினொரு தடவை குனிய வேண்டியிருந்தது.