பின் டயரின் அம்புக்குறி

அன்று நான் பேசியது தவறா, பிறகு பேசாமல் இருந்தது தவறா? மூன்று வாரமாகியும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

என் கணவர் தோப்புகளில் சொட்டுநீர்க் குழாய் பதிக்கிறார். எங்கள் வீடு ராஜபாளையத்தில். வேலை பெரும்பாலும் தேவதானம், கூமாப்பட்டிப் பக்கம் மலையடிவாரத்தில். தார்ச்சாலை முடிகிற இடத்தில்தான் அவருடைய பாதையே தொடங்கும். ஓடை, சேறு, உருளைக்கல். அதற்காகத்தான் காட்டுப்பாதைக்கென்று செய்த உயரமான பைக் ஒன்றைப் பழையதாக வாங்கினார். ஞாயிறு காலையில் அதே பைக்கில் மூவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போவோம். அங்குள்ள கிறிஸ்தவ சபையில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பாடசாலை எடுக்கிறேன். பஸ்ஸில் போனால் வகுப்புக்குப் பிந்திவிடும். எங்கள் இருவருக்கும் நடுவில் மகள் உட்காருவாள். இரண்டரை வயது.

போன வருஷம் பின் டயர் மாற்றும்போது, தார் ரோட்டுக்கு ஏற்றதாகப் போடச் சொன்னவள் நான்தான். மகளை மனதில் வைத்துச் சொன்னேன். ஐப்பசி மழையில், கூமாப்பட்டிப் பக்கம் ஓர் ஓடைக்கரையில், டயரின் வரிகளுக்குள் சேறு அப்பிக்கொண்டது. பின்பக்கம் வழுக்கி வண்டி அவர் கால்மேல் விழுந்தது. கணுக்கால் எலும்பில் விரிசல். தோப்பில் வேறு ஆள் இல்லை. வண்டிக்கு அடியிலிருந்து தானே காலை உருவிக்கொண்ட கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை.

இந்த வருஷம் மழை தொடங்கும்போது அந்த டயரும் தேய்ந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை மாலை மூவரும் மெக்கானிக் கடைக்குப் போனோம். மெக்கானிக் ஐம்பது வயதுக்காரர். என் கணவருக்கு அவர் மாமா, அவருக்கு இவர் மாப்ள. உறவெல்லாம் கடையோடு சரி.

"இது பட்டன் டயரு. கட்ட கட்டயா இருக்கு பாரு, சேத்தக் கடிச்சு ஏறிரும். ஆனா ஈரத் தார்ல செத்த பாத்துப் போகணும். அது ரோட்டு டயரு, ஏற்கெனவே போட்டிருந்ததுதான். ரெண்டுக்கும் நடுவுல பாதி மண்ணு பாதி ரோடுன்னு ஒண்ணு வருது. உங்க வண்டி சைஸ்ல இப்ப கையில இல்ல" என்றார்.

"ஏட்டி, இந்தத் தடவையும் நீயே சொல்லு" என்றார் என் கணவர்.

"நீங்க சொல்லுங்க."

"நான் சொன்னா பொறவு நீ தூங்கமாட்ட."

ஆறு நாள் சேறு, ஒரு நாள் தார். மகளின் தலையைத் தடவிக்கொண்டே பட்டன் டயரைக் காட்டினேன்.

மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றினார். டயர் வழுக்கி ஏறுவதற்காக ரிம்மின் ஓரமெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவி, டியூபைப் பதமாக உள்ளே தள்ளி, இரும்பு லிவரால் நெம்பிப் புது டயரை உட்கார வைத்தார். அப்போதுதான் டயரின் பக்கவாட்டில் இருந்த அம்புக்குறியைக் கவனித்தேன். சக்கரம் எந்தத் திசையில் சுற்ற வேண்டும் என்பதை அது காட்டும் என்று எங்கோ படித்திருக்கிறேன். செயின் வரும் பக்கத்தை வைத்து, விரலைக் காற்றில் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தேன். அம்பு பின்னோக்கி இருப்பதாகத் தோன்றியது. என் கணக்குத்தான் தலைகீழோ? முப்பது வருஷமாக இதே வேலை செய்கிறவரிடம் எப்படிக் கேட்பது? நான் தயங்கி முடிப்பதற்குள் காற்று பிடித்துச் சக்கரத்தை மாட்டி, செயினையும் போட்டுவிட்டார்.

அவர் கை துடைக்கும்போது கேட்டுவிட்டேன்.

"யம்மா, பின் டயருக்கு அம்பு பாக்க வந்த மொத ஆளு நீதான்" என்று குனிந்தவர், அம்பின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு, "மாறித்தான் போச்சு. ஒண்ணும் ஆகாது தாயி. சேத்தத் தள்ளுறதுல கொஞ்சம் சுணங்கும், அம்புட்டுத்தான்" என்றார்.

"விடு, மாமாதான் சொல்லுதாருல்ல" என்றார் என் கணவர்.

எனக்கு ஓடைக்கரை நினைவுக்கு வந்தது. "சேத்துல சுணங்குனா வேண்டாங்க. மாத்திப் போட்டுருங்க" என்றேன்.

மெக்கானிக் மறுபடியும் கழற்றினார். ஆனால் இந்தத் தடவை சோப்புத் தண்ணீர் டப்பாவைத் தொடவில்லை. புது டயர் முரண்டு பிடித்தது. லிவரை ஆழமாக விட்டு வேகமாக நெம்பினார். அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரே மாலையில் இரண்டாவது முறையும் ஒருவரின் வேலையில் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் ஞாயிறு, தூறலில் சபைக்குக் கிளம்பினோம். பாதி வழியில் வண்டியின் பின்பக்கம் லேசாக ஆடியது.

"பட்டன் டயரு, அப்படித்தான் இருக்கும்" என்றார் என் கணவர். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் தேர்ந்தெடுத்த டயர்தானே என்று மகளை இறுக்கிக்கொண்டேன். ஆட்டம் கூடியது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தபடியே நெருங்கி வந்தது. அவர் பிரேக்கைத் தொடவில்லை. ஆக்சிலரேட்டரை மட்டும் விட்டு, வண்டி போன போக்கிலேயே மெல்ல மெல்ல மண்ணுக்கு இறக்கினார். லாரி எங்களைத் தாண்டிப் போன காற்றில் என் சேலை முந்தானை மகளின் முகத்தை மூடிக்கொண்டது. அவள் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். இறங்கிப் பார்த்தால் பின் டயரில் காற்றே இல்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்த பஞ்சர் கடையில், கடைக்காரர் டியூபை வெளியே எடுத்து விரலால் தடவினார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல்.

"ரெண்டு தடவ கழட்டுனீகளா? லிவர் கடிச்சிருக்கு."

"ஆமாண்ணே. அம்ப மாத்திப் போட்டுட்டாரு, வீட்டுல பாத்துச் சொன்னாக."

"அம்ப வீட்டுல பாத்தாக. லிவர யாரு பாத்தா?"

இருவரும் சிரித்தார்கள். நான் மகளின் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். லிவரையும் நான்தான் பார்த்தேன் என்று அன்று சொல்லவில்லை. இன்றுவரை என் கணவரிடம் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவருக்குத் தெரியும்.

அதன்பின் கூமாப்பட்டிக்கு நாலைந்து தடவை போய்விட்டார். "சேத்துல ஒரு தடவகூட வழுக்கல" என்று சந்தோஷமாகச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஈர ரோட்டில் வளைவு வரும்போதெல்லாம் நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். டியூப் புதியது, காற்றும் சரியாக இருக்கிறது. இருந்தாலும் வண்டி ஆடுவதுபோலவே இருக்கிறது. நிஜமாகவே ஆடுகிறதா, எனக்கு மட்டும் ஆடுகிறதா என்று தெரியவில்லை.

நேற்று மெக்கானிக் போன் செய்தார். அந்தப் பாதிக்குப் பாதி டயர் வந்துவிட்டதாம். சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். மழை இன்னும் விட்டபாடில்லை.

ஒரே வண்டியில் சேற்றுக்கும் போய், குழந்தையையும் ஏற்றிப் போகிறவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். பட்டன் டயரை அப்படியே விட்டுவிட்டு நானும் மகளும் பஸ்ஸுக்கு மாறட்டுமா, பாதிக்குப் பாதியைப் போடச் சொல்லட்டுமா? போடுவதென்றால் சக்கரத்தை மறுபடியும் கழற்றுவார்கள், நானும் பக்கத்தில் நிற்பேன். சோப்புத் தண்ணீர் தடவச் சொல்லி மெக்கானிக்கிடம் எப்படிக் கேட்பது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.