பதினெட்டாம் பக்கத்தில் வரும் ஆசிரியர்

நாவல் எழுதுவதுகூடப் பரவாயில்லை. அதை என் மகளிடம் படிக்கக் கொடுத்ததுதான் நான் செய்த தவறு. ஆனால் எனக்கு வேறு வழியும் இல்லை.

ஜொகூர் பாருவில் ஒரு தமிழ் அமைப்பு இளையோர் நாவல் போட்டி அறிவித்திருந்தது. வெல்லும் நாவலை அவர்களே புத்தகமாகப் போடுவார்கள். என் பெயர் போட்ட புத்தகம் ஒன்று வரவேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. அதுவரை என் பெயர் அச்சில் வந்தது இரண்டே இடங்களில்: என் கல்யாணப் பத்திரிகையிலும், நாளிதழில் ஒரு வாசகர் கடிதத்துக்கு அடியிலும். கடிதத்தில் இனிஷியல் தப்பு.

போட்டியின் விதிகளில் ஏழாவதுதான் என்னைக் கவிழ்த்தது. பதின்மூன்று முதல் பதினேழு வயதுக்குட்பட்ட வாசகர் ஒருவர் நாவலை முழுக்கப் படித்து, தன் கையெழுத்தில் ஒரு பக்கக் கருத்து எழுதி, உறையில் இட்டு ஒட்டித் தரவேண்டும். நாவல் எழுதியவர் அந்தக் கருத்தைப் பார்க்கக் கூடாது. கருத்து இல்லாத நாவல் ஏற்றுக்கொள்ளப்படாது.

அந்த வயதில் தமிழ் நாவலை முழுக்கப் படிக்கக்கூடிய ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். பதினைந்து வயதில் மூன்றாம் படிவம் படிக்கும் என் மகள். ஆங்கிலம், தமிழ், மலாய் என்று எது கிடைத்தாலும் படிப்பாள், படித்ததைத் திட்டுவாள்.

"அவகிட்டயா குடுக்கப் போறீங்க?" என்றாள் என் மனைவி. "நல்லா யோசிச்சுக்குங்க."

நான் யோசிக்கவில்லை. சிங்கப்பூரில் வேலை செய்கிறவன் நான். தினமும் காலையும் மாலையும் எல்லைப் பாலத்துக் குடிநுழைவுச் சோதனை வரிசையில் நின்றபடி, கைப்பேசியில் கட்டைவிரலால் எழுதிய நாவல் அது. முன்னால் நிற்பவர் நகராத நாட்களில் இரண்டு அத்தியாயம்கூட ஓடியிருக்கிறது. ரப்பர் தோட்டத்தில் வளரும் ஏழைப் பையன், குடிகாரத் தகப்பன், படிப்பில் தடுமாற்றம், கடைசியில் வெற்றி. எழுதும்போது எனக்கே இரண்டு இடத்தில் கண் கலங்கியது. பின்னால் நின்ற சீனப் பெரியவர் கைக்குட்டை கொடுத்தார்.

போட்டோஸ்டாட் கடையில் அச்செடுத்துக் கம்பிச் சுருள் போட்டு, ஒரு வெள்ளிக்கிழமை அவளிடம் கொடுத்தேன். ஞாயிறு காலை, எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில் இருக்கும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய்க்குக் காத்திருந்தபோது அதை மேசைமேல் வைத்தாள். பின் அட்டையில் பென்சிலால் ஒன்று முதல் பத்து வரை எழுதியிருந்தது.

"என்னம்மா இது?"

"படிக்கறதுக்கு முன்னாடி எழுதினதுப்பா. கதையில என்னென்ன வரும்னு. ஒவ்வொன்னும் வர வர டிக் போட்டேன்."

பார்த்தேன். ஓர் ஆசிரியர் வந்து பையனின் தோளைத் தட்டுவார், இருபது பக்கத்துக்குள். டிக், பக்கம் பதினெட்டு. மழை பெய்யும்போது யாரோ அழுவார்கள். டிக். கெட்ட நண்பன் மோட்டார் சைக்கிளில் விழுவான். டிக். அப்பா மருத்துவமனையில் திருந்துவார். டிக். பையன் டாக்டராகி அதே தோட்டத்துக்கு வருவான். டிக், பக்கத்தில் ஒரு சின்ன மண்டையோடு.

"பத்துக்கு ஒம்பது" என்றாள். "நாய் சாகும்னு எழுதியிருந்தேன். அது மட்டும் தப்பு."

"கதையில நாயே இல்லையேம்மா!"

"அதான்ப்பா ஏமாத்தமா போச்சு."

ரொட்டி வந்தது. எனக்கு இறங்கவில்லை. அவளுக்கு நன்றாகவே இறங்கியது.

"அப்ப இங்கிலீஷ்ல எழுதறவன் மட்டும் ஒழுங்கா எழுதறானாக்கும்?" என்றேன், கோபத்தை டீயில் கலக்கியபடி.

"அலமாக்! அது அதவிட மோசம்ப்பா. பதினாறு வயசுப் பொண்ணு தனியா நின்னு ஒரு அரசாங்கத்தையே கவுக்கறா. அவ அம்மா ஒரு தடவகூட போன் பண்ணி எங்க இருக்கேன்னு கேக்கல. எனக்கு டியூஷன் விட அஞ்சு நிமிஷம் லேட்டானா மூணு மிஸ்டு கால் வருது."

"தமிழ்க் கதையில அம்மா போன் பண்றாங்க இல்ல?"

"பண்றாங்க. புத்தி சொல்ல." ரொட்டியைக் குழம்பில் முக்கினாள். "எங்களுக்குன்னு எழுதற கதையில நாங்க ஏன்ப்பா எப்பப் பாத்தாலும் ரிப்பேருக்கு வந்த வண்டி மாதிரியே இருக்கோம்? யாராச்சும் வந்து சரி பண்ணிட்டே இருக்காங்க. சும்மா ஓடற வண்டியப் பத்தி யாருமே எழுத மாட்டாங்களா?"

நான் எழுந்து கல்லாவுக்குப் போய்க் காசு கொடுத்தேன்.

கடைசி நாளுக்கு ஐந்து வாரம் இருந்தது. நான் ரோஷக்காரன். தோட்டத்தைத் தூக்கினேன். ஆசிரியரை வேலையிலிருந்து நீக்கினேன். டாக்டர் ஆகவேண்டியவனைப் பிறக்கவே விடவில்லை. புதுக் கதையில் ஜொகூர் பாருவில் படிக்கிற ஒரு பெண், அவள் தோழிகள், ஒரு சாதாரண வருஷம். வரிசையில் நின்று விரல் வீங்க எழுதினேன். ஒருநாள் எழுத்து மும்முரத்தில் தப்பான வரிசையில் நின்று, அரைமணி கழித்து அதிகாரியிடம் திட்டு வாங்கித் திரும்பி வந்தேன்.

இரண்டாவது பிரதியை அவள் அறைக்குள் படித்தபோது சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கு நெஞ்சு நிறைந்தது. எட்டிப் பார்த்து, "எந்த எடம்?" என்றேன்.

"இவ பிரெண்டுக்கு மெசேஜ் அனுப்பற எடம். 'அன்புள்ள தோழிக்கு, நலமா?' யாருப்பா இப்படி அனுப்பறா? இது மெசேஜா, வங்கிக் கடிதமா?"

அது நான் சிரிக்க வைப்பதற்காக எழுதிய இடம் அல்ல.

மெசேஜ்களைத் திருத்தினேன். அடுத்த வாரம் வேறு புகார். "இந்தப் பொண்ணு யாரு?"

"பொதுவா ஒரு பொண்ணும்மா."

"பொதுவா ஒரு பொண்ணு ஊறுகாய் வெச்சா மெகி நூடுல்ஸ் சாப்புடறா? என்னைக் கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. பிடிபட்டவன் சிரிப்பதுபோல் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்: "அது கூட சரி. இந்த அப்பாவ எங்கேருந்து புடிச்சீங்க?"

"ஏன், நல்ல அப்பாதானே?"

"தினமும் ராத்திரி ஏழு மணிக்கு அவகூட உக்காந்து சாப்புடறாரு. ஸ்கூல்ல என்ன நடந்துச்சுன்னு கேக்கறாரு. அவ பிரெண்டுங்க பேரெல்லாம் தெரியுது. இருக்கறதுலயே இவருதாம்ப்பா நம்பற மாதிரி இல்ல."

அவள் குத்திக் காட்டவில்லை. கேசரியில் உப்பு விழுந்துவிட்டது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். ஏழு மணிக்கு நான் எங்கே இருப்பேன் என்று எல்லாருக்கும் தெரியும். அதே வரிசையில், கைப்பேசியில், ஏழு மணிக்கு வீட்டில் சாப்பிடும் ஓர் அப்பாவை எழுதிக்கொண்டிருப்பேன்.

"சரி, உன் பிரெண்டுங்க பேரச் சொல்லு" என்றேன். "சேத்துக்கறேன்."

"கதைக்கா, உங்களுக்கா?"

ஏதாவது ஜோக் அடித்திருக்கலாம். "ரெண்டுக்கும்" என்றேன். மூன்று பேர் சொன்னாள். ஒருத்தி பெயரை நான் அதுவரை வேறொருத்தியின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நாவலின் அப்பாவைச் சிங்கப்பூருக்கு வேலைக்கு அனுப்பினேன். அவர் வீட்டில் இல்லாமல் போனதும் கதை விறுவிறுவென்று நடந்தது. அந்தப் பெண் பேசினாள், சண்டை போட்டாள், தானாகவே ஒரு தப்பு செய்து தானாகவே மாட்டிக்கொண்டாள். அப்பா காலையில் ஹெல்மெட்டோடு கிளம்பும்போது இரண்டு வரி, திரும்பும்போது இரண்டு வரி. நான் ஆசைப்பட்டு எழுதிய ஒரே பாத்திரத்தை வெளியே தள்ளியதுதான் நாவலுக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் என்பது எனக்கு இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

கடைசி நாள் சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிவரை. காலை பத்துக்கு மகள் உறையைக் கொடுத்தாள். நன்றாக ஒட்டி, ஒட்டிய இடத்தின்மேல் குறுக்கே கையெழுத்தும் போட்டிருந்தாள்.

"ஒரு வரியாச்சும் நல்லதா எழுதினியாம்மா?"

"விதி ஏழுப்பா."

"'மிகச் சிறப்பு'ன்னு ஒரு வார்த்தை போட்டா கை வலிக்குமா?"

"எங்க வயசுல எவளும் அப்படி எழுத மாட்டா. நீங்களே எழுதினீங்கன்னு கண்டுபுடிச்சிடுவாங்க."

ஷூ மாட்டும் சாக்கில் உறையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. உள்ளே அலுமினியத் தாள் சுற்றியிருந்தாள். "அப்பாவப் பத்தி எனக்குத் தெரியாதா, லா" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

நானும் மகளும் காரில் போனோம். அவள் காரிலேயே உட்கார்ந்து எதையோ படித்துக்கொண்டிருந்தாள். அமைப்பின் அலுவலகத்தில் ஓர் அம்மா மட்டும் இருந்தார். வாசகரின் வயதும் பள்ளியும் எழுதியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்று சொல்லி உறையைப் பிரித்தார். அலுமினியத் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். படிக்க ஆரம்பித்தார். வாயைப் பொத்திக்கொண்டார். "ஒரு நிமிஷம் சார்" என்று உள்ளறைக்குப் போனார்.

உள்ளே சிரிப்பு கேட்டது. இரண்டு பேர், பிறகு மூன்று. ஓர் ஆண் குரல், "திரும்பப் படிங்க, அந்த எடத்த" என்றது. அந்த இடத்தைத் திரும்பப் படித்ததும் சிரிப்பு நின்றது. அதுதான் எனக்குச் சிரிப்பைவிடப் பயமாக இருந்தது.

அந்த அம்மா வெளியே வந்தபோது முகம் வேறுமாதிரி இருந்தது. "உங்க மகளா சார்?"

"ஆமாங்க."

"அடுத்த வருஷம் எங்க வாசகர் குழுவுல உக்கார்றாங்களான்னு கேக்கச் சொன்னாங்க. ரொம்ப நல்லா எழுதறாங்க."

"நாவல்?"

"நாவலா? அதோ அந்தப் பெட்டியில போட்டுடுங்க."

போட்டேன். முந்நூறு பக்கம் விழுந்த சத்தம் பெரிதாகக் கேட்டது. பெட்டியில் வேறு எதுவும் இல்லையோ என்று ஒரு நப்பாசையில் எட்டிப் பார்த்தேன். நிறைய இருந்தன.

காரில் ஏறியதும், "வாங்கிக்கிட்டாங்களாப்பா?" என்றாள், புத்தகத்திலிருந்து தலை தூக்காமல்.

"உன்னுத வாங்கிக்கிட்டாங்க" என்று சொல்லி வண்டியை எடுத்தேன்.